கடைசி வாய்

என் நாத்தனாரைப் பத்திப் பேப்பர்ல வந்தது ரெண்டே ரெண்டு தடவை. முதல் தடவை வேற ஒருத்தியோட படத்துல இவளோட இடது கை மட்டும் வந்துச்சு, கீழ "பயிற்சி உதவியாளர்"னு போட்டிருந்தான். ரெண்டாவது தடவை முழுப் படமும் வந்துச்சு, மேல "தியாகி"னு கொட்டை எழுத்துல தலைப்பு. அந்தப் பேப்பரை நான் சமையலறை அலமாரியில விரிச்சு, அது மேல உப்பு ஜாடியைத் தூக்கி வச்சுட்டேன். நடந்தது என்னன்னு நான் சொல்றேன். எனக்கு வாய் நீளம்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இருந்துட்டுப் போகட்டும், யாராவது ஒருத்தராவது வாயைத் திறக்கணுமில்ல.

நான் கல்யாணமாகி இங்க வந்தப்ப அவளுக்குப் பதினாறு வயசு. மாமியார் இல்லாத வீடு. மாமனாருக்கு உள்விளையாட்டு அரங்கத்துல வேலை. சாவி அவர்கிட்டதான் இருக்கும். காலையில போய்க் கதவைத் திறக்கணும், மரத் தரையை ஈரத்துணியால துடைக்கணும், நெட் கட்டணும், பியூஸ் போன லைட்டை ஏணி போட்டு மாத்தணும். தாயில்லாத பிள்ளையை வீட்டுல தனியா விட மனசு வராம, நாலு வயசுலேருந்து கூடவே கூட்டிட்டுப் போயிருக்கார். ஆடறவங்க தூக்கிப் போட்ட, இறகு உதிர்ந்த ஷட்டிலைப் பொறுக்கி, சுவத்துல அடிச்சு அடிச்சே அவ ஆட்டம் கத்துக்கிட்டா. நான் வந்த வருஷம் ஜூனியர் பட்டம் அவகிட்ட இருந்துச்சு. அந்தக் கோப்பையில என் வீட்டுக்காரர் ஷேவிங் பிரஷ்ஷைப் போட்டு வச்சிருந்தார். அந்த மனுஷனுக்கு எதுக்கு எது மரியாதைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

வந்த முதல் வாரமே எனக்கும் அவளுக்கும் சண்டை. கூடத்துல எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பாக்கறேன், நடுவுல இவ நிக்கறா. இடுப்புல ஒரு கை, மறு கையால மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, "யாருங்க குழாயைச் சரியா மூடலை?"ங்கறா. அப்படியே நான். கழுத்தை நான் சாய்க்கிற சாய்ப்புகூடத் தப்பல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, ரெண்டு நாள் அவகிட்டப் பேசலை. மூணாம் நாள் நான் வேலை பாக்கற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்தா. எங்க கடையில ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. அது முன்னாடி நின்னு எங்க முதலாளி நடக்கறது, கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் குச்சியால தட்டறது, எல்லாத்தையும் செஞ்சு காட்டினா. நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. அதோட சண்டை தீந்துச்சு. நாத்தனாரும் அண்ணியும் ஒத்துமையா இருந்தா ஊருக்கு ஆகாதும்பாங்க, எங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியலை.

யாரை ஒரு தடவை பாத்தாலும் அவங்களாவே ஆயிடறது அவளுக்குப் பிறவியிலேயே வந்த வரம். அதுவே அவ வாயில மண்ணைப் போடும்னு அப்ப யாருக்குத் தெரியும்.

பதினெட்டு வயசுல தேசிய கேம்ப்புக்கு எடுத்தாங்க. வீட்டிலேருந்து ரெண்டு பஸ் மாறிப் போகணும். மொத்தம் பன்னிரண்டு பொண்ணுங்க, நாட்டுக்காக ஆடறதுக்குத் தயார் பண்றாங்கன்னு பேரு. அதுல ஒருத்தி முதலிடத்துக்காரி. நல்ல உயரம், வலது கையால அவ ஓங்கி அடிச்சா ஷட்டில் எங்க போச்சுன்னே தெரியாது. நான் அவளுக்கு வச்ச பேரு மகாராணி. அவ கெட்டவ இல்ல, அதையும் சொல்லிடறேன். தட்டுல எடுத்து வச்சதைச் சாப்பிட்டுப் பழகினவ, அவ்வளவுதான்.

அந்த மகாராணி ஒரு வெளிநாட்டுக்காரிகிட்ட மூணு தடவை தோத்துட்டா. அந்த வெளிநாட்டுக்காரி இடது கை. பின் மூலையில ஸ்மாஷ் அடிக்கிற மாதிரியே கையை ஓங்குவாளாம், கடைசி நொடியில மணிக்கட்டைத் திருப்பி ஷட்டிலை நெட்டு ஓரமாச் சொட்டுன்னு போட்டுடுவாளாம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில பொண்ணுங்களைச் சிரிக்க வைக்கறதுக்காக என் நாத்தனார் அவளை மாதிரி செஞ்சு காட்டியிருக்கா. இவளும் இடது கைக்காரிதானே. கோச் அதைப் பாத்துட்டார். அதோட முடிஞ்சுது கதை. வீடியோவைக் கையில கொடுத்து, பத்து நாள்ல எனக்கு அவ வேணும்னுட்டார்.

பத்து நாளும் கடை மூடற நேரத்துக்கு வந்து எங்க நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னா. ராக்கெட்டை ஓங்கறா, நிறுத்தறா, திருப்பறா. கடைசி நாள் நான் திரும்பிப் பாத்தா எனக்கே பக்குன்னு இருந்துச்சு, அங்க நின்னது எங்க வீட்டுப் பொண்ணே இல்ல. மகாராணி இவளோட ஆடிப் பழகினா, போனா, அந்த வெளிநாட்டுக்காரியை ஜெயிச்சுட்டு வந்தா. கோச் இவ தோள்ல தட்டி, இந்த மெடல்ல பாதி உன்னுதுன்னார். பாதியைக் கண்ணுல காட்டினாங்களான்னு கேக்காதீங்க.

அதுலேருந்து இவளுக்கு அதே வேலைதான். அடுத்த போட்டியில மகாராணி யாரோட மோதப் போறாளோ, அவளா இவ மாறணும். தேவைப்பட்டா வலது கையாலயும் ஆடணும். ஆடினா. கேம்ப்ல இவளுக்குக் கார்பன்னு பேரே வச்சுட்டாங்க. மூணு வாரம் ஒருத்தி, அடுத்த மூணு வாரம் வேற ஒருத்தி. நடுவுல எப்பவாவது இவளையும் ஒரு போட்டிக்கு அனுப்புவாங்க. போன வாரம் வரைக்கும் வலது கைக்காரியா இருந்தவ இந்த வாரம் எப்படி இவளா ஆடுவா? முதல் சுத்துலயே தோத்துட்டு வருவா. அதுக்குக் கோச் என்ன சொல்வார் தெரியுமா? "உனக்குன்னு ஒரு ஆட்டம் இல்லையேம்மா." சொல்ல வாய் கூசலை பாருங்க. பிள்ளையையும் கிள்ளி விட்டுட்டுத் தொட்டிலையும் ஆட்டறதுன்னா இதுதான்.

இன்னொரு கூத்தும் இருந்துச்சு. பயிற்சி முடியற நேரத்துல கோச் ஓரமா நின்னுக்கிட்டு "மேட்ச் பாயிண்ட்"னு, அதாவது ஆட்டத்தை முடிக்கிற கடைசிப் புள்ளின்னு, ஒரு குரல் கொடுப்பார். கொடுத்ததும் என் நாத்தனார், அதுவரைக்கும் எப்படி முட்டி மோதி ஆடிக்கிட்டு இருந்தாலும் சரி, ஷட்டிலை மகாராணியோட வலது பக்கத்துக்கு உயரமா, மெதுவாத் தூக்கிக் கொடுக்கணும். மகாராணி அதை ஓங்கி ஒரே அடியா அடிச்சு முடிப்பா. "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு ராக்கெட்டைப் பையில வச்சுட்டுப் போயிடுவா. தினமும் ஜெயிச்ச கையோட போனாத்தான் தன்னம்பிக்கை வளருமாம். குழந்தைக்குக் கடைசி வாய், கடைசி வாய்னு கெஞ்சி ஊட்டுவோமே, அந்த மாதிரி இருக்கறதால கேம்ப்புப் பொண்ணுங்க அதுக்குக் கடைசி வாய்னு பேர் வச்சிருந்தாங்க. என் நாத்தனார் ஒன்பது வருஷம் அந்தக் கடைசி வாயை ஊட்டியிருக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு.

விட்டுட்டு வந்துடுடின்னு எத்தனையோ தடவை சொன்னேன். கடையில உனக்கும் ஒரு இடம் வாங்கித் தர்றேன்னு சொன்னேன். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நாட்டுக்காக அவ ஆடணும். உலகப் போட்டிக்கு மகாராணியோட பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவை போயிருக்கா. அங்க கோர்ட்டுக்குள்ள கால் வைக்க இவளுக்கு அனுமதி கிடையாது. கோர்ட்டைச் சுத்திக் கட்டின கயித்துக்கு இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டு வந்தவ, ஒரு தடவை அந்தப் பக்கம் போகணும்னா. இதுல தப்பு என்ன இருக்கு?

அவளுக்கு இருபத்தேழு வயசு ஆனப்ப முட்டி தேய ஆரம்பிச்சுடுச்சு. இந்த வருஷம் இல்லேன்னா இனிமே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார். அந்த வருஷம் பாத்து பேட்மிண்டன் சங்கத்துல புது ஆளுங்க வந்தாங்க. பழைய பேரைப் பாத்து யாரையும் அனுப்ப மாட்டோம், தேர்வுப் போட்டியில ஜெயிக்கிற ஒருத்திதான் உலகப் போட்டிக்குப் போவான்னு விதி போட்டாங்க. என் நாத்தனாரும் பேர் கொடுத்தா. கேம்ப்ல சிரிச்சாங்களாம். சிரிச்சவங்கள்ல மூணு பேரை வரிசையாத் தோக்கடிச்சுட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்னா. எதிர்ல மகாராணி.

ஆட்டத்துக்கு அன்னிக்குக் காலையில அடுப்படியில நின்னு முட்டையை உரிச்சுக்கிட்டே கேட்டேன், இன்னிக்கு யாரா ஆடப் போறேன்னு. உலகத்துல இருக்கிற அத்தனை பேரையும் இவளே மகாராணிக்குப் பழக்கி விட்டுட்டாளே, யாரை எடுத்தாலும் அவளுக்கு அத்துப்படியாச்சே. இவ முட்டையைக் கையில வாங்கிக்கிட்டு என்னைப் பாத்தா.

"அவளாவே ஆடப் போறேன் அண்ணி. எல்லாரோடயும் ஆடியிருக்கா. அவளோட மட்டும்தான் அவ ஆடினதில்ல."

ஒன்பது வருஷமா நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு அவளைத்தானே இவ பாத்துக்கிட்டு இருந்தா. அந்த யோசனையைக் கோச் கொடுக்கலை, எந்த வீடியோவும் கொடுக்கலை. அது அவளோடது.

ஆட்டம் மாமனாரோட அரங்கத்துலயேதான். அன்னிக்குக் காலையில அவர் தரையை ரெண்டு தடவை துடைச்சாராம், பொண்ணு வழுக்கிடக் கூடாதேன்னு. நானும் என் வீட்டுக்காரரும் லீவு போட்டுட்டு மூணாவது வரிசையில உக்காந்தோம். மாமனார் உக்காரவே இல்ல, கதவோரமா சாவிக்கொத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னார்.

என்ன ஆட்டம்ங்க அது! இவ வலது கையில ராக்கெட்டை எடுத்தப்பவே மகாராணி முகம் மாறிடுச்சு. அவ அடிக்கிற அடி அவளுக்கே திரும்பி வருது. அவ தோளை அசைக்கிற அசைப்பு, சர்வீஸுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாதத்தைத் தட்டறது, எல்லாம் எதிர்ல நின்னு அவளையே பாக்குது. முதல் செட்டை இருபத்தொண்ணு பதினேழுன்னு இவ எடுத்தா. ரெண்டாவது போச்சு, முட்டி வலியில கொஞ்சம் திணறிட்டா. மூணாவதுல ஒவ்வொரு புள்ளியா மேல வந்தா, இருபது பதினெட்டு. இன்னும் ஒரே ஒரு புள்ளி. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு நசுக்கறார், கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த மனுஷன் அப்படிப் பிடிச்சதில்ல.

அப்ப நடுவர் மைக்ல சொன்னார்: "இருபது, மேட்ச் பாயிண்ட், பதினெட்டு."

இவ சர்வீஸ் போட்டா. பத்துப் பன்னிரண்டு அடி போச்சு. மகாராணி நெட்டுகிட்ட ஓடி வந்து, ஒரு முட்டியை ஊனிக்கிட்டு, எப்படியோ எடுத்துப் போட்டா. ஷட்டில் தொங்கிக்கிட்டு வருது. அந்தப் பக்கம் கோர்ட் முழுக்கக் காலி. கீழ நோக்கி ஒரு தட்டுத் தட்டினாப் போதும், வீட்டுல இருக்கிற என் ஆறு வயசுப் பொண்ணு தட்டினாக்கூடப் போதும். என் நாத்தனார் கையை ஓங்கினா. ஓங்கின கை நடுவுல இளகிடுச்சு. உயரமா, மெதுவா, மகாராணியோட வலது பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டா.

மகாராணி எழுந்தா, நிதானமா அடிச்சா. அடிச்சுட்டு "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு, பை இருக்கிற பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கும் பழக்கம்தானே. நடுவர் கூப்பிட்டு ஆட்டம் இன்னும் முடியலைம்மான்னார். அரங்கமே சிரிச்சுது. மகாராணி நாக்கைக் கடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா. என் நாத்தனார் தன் கையையே பாத்துக்கிட்டு நின்னா. அதுக்கப்புறம் மூணு புள்ளியும் எதிர்ப்பக்கம் போச்சு, இவ ஒண்ணைக்கூட ஒழுங்காத் தொடலை. கதவோரத்துல சாவிக்கொத்து கீழ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

எங்க கடைக்குச் சில பேர் வருவாங்க. கண் மங்கியிருக்கும், ஆனா எழுத்துப் பலகையைக் கடகடன்னு ஒப்பிப்பாங்க. வருஷக்கணக்காப் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆகியிருக்கும். அவங்க யாரையும் ஏமாத்தலை, கேட்டதும் வாய் தானாச் சொல்லிடும். இவ கையும் அதைத்தான் செஞ்சுது. இதை நான் யாருக்குப் போய்ப் புரிய வைக்க?

மறுநாள்தான் அந்தப் பேப்பர் வந்துச்சு. வேணும்னே விட்டுக்கொடுத்துட்டாளாம், மெடல் வாங்கற தகுதி மகாராணிக்குத்தான் இருக்குன்னு நாட்டுக்காகத் தன் ஆசையைத் தியாகம் பண்ணிட்டாளாம். சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்துட்டார். "தியாக உள்ளம்"னு பொறிச்ச ஒரு கேடயம். இவ அறையை விட்டு வெளியவே வரலை. மாமனார் அதை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார். செயலாளர் டீ குடிச்சுட்டுப் போனப்புறம் மாமனார் அறை வாசல்ல போய் நின்னு, ஏம்மா விட்டுக்கொடுத்தேன்னு கேட்டார்.

"விட்டுக்கொடுக்கலைப்பா," இவ சொன்னா. "கை தானாப் போயிடுச்சு."

அவர் ரொம்ப நேரம் அந்தக் கேடயத்தைப் பாத்தார். "விட்டுக்கொடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா"ன்னார். அதைக் கூடத்துல வைக்கலை, ஏணி வைக்கிற இடத்துல கொண்டு போய் வச்சுட்டார்.

நாலாம் நாள் கோச் போன் பண்ணார். இவளோட யோசனை பிரமாதமாம். மகாராணியை வெளிநாட்டுக்காரங்க எப்படிப் படிச்சு வச்சிருப்பாங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுதாம். இனி உலகப் போட்டி வரைக்கும் இவ மகாராணியாவே ஆடணுமாம், அவளோட ஓட்டையெல்லாம் அடைக்கணுமாம். அவகிட்ட இருந்த ஒரே சொந்தச் சரக்கையும் பிடுங்கியாச்சு. சூடு சொரணை இருந்தா போகாதேடின்னு நான் கத்தினேன். வேற எங்க போறது அண்ணி, எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்னா. போயிட்டா.

மூணு வாரம் கழிச்சு ஒரு சனிக்கிழமை முட்டிக்குப் போடற பட்டையை மறந்துட்டுப் போயிருந்தா. கொடுத்துட்டு வரலாம்னு ரெண்டு பஸ் மாறி நானே போனேன். பயிற்சி முடியற நேரம். மகாராணி கிளம்ப இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. கோச் ஓரமா நின்னு, "மேட்ச் பாயிண்ட்"னு குரல் கொடுத்தார்.

மகாராணி ராக்கெட்டைத் தூக்கிக்கிட்டுத் தயாரா நிக்கறா. என் நாத்தனார் ஓங்கினா, அடிச்சா பாருங்க, ஷட்டில் மகாராணி காலடியில போய் விழுந்து இறகு பிஞ்சு போச்சு. கோச் மறுபடி சொன்னார். மறுபடியும் அதே அடி. மூணாவது தடவையும் அதேதான். மகாராணி நெட்டுகிட்ட வந்துட்டா, கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. "ஒண்ணே ஒண்ணு வைடி. அது இல்லாம எனக்குக் கை ஓட மாட்டேங்குது"ன்னா. என் நாத்தனார் சரின்னு தலையை ஆட்டினா. நாலாவது ஷட்டில் வந்துச்சு, அதையும் அடிச்சு முடிச்சா.

கோச் என்கிட்ட வந்து, ஒரு வாரமா இப்படித்தான் பண்றாம்மா, கூட்டிட்டுப் போயிடுங்கன்னார். உலகப் போட்டி நேரத்துல இப்படி ஒருத்தியை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்றதாம், ஒரு ஷட்டிலைத் தூக்கிக் கொடுக்கக்கூட இவளுக்கு வரலையாம். அவரை நான் என்னென்னவோ கேட்டேன். அதையெல்லாம் இங்க சொல்ல முடியாது. வாட்ச்மேன் வந்து கேட் வரைக்கும் கொண்டு வந்து விட்டார்.

பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் உக்காந்தோம். ஒன்பது வருஷச் சாமான் ஒரே பையில அடங்கிடுச்சு. அவ காலை நீட்டி வச்சுக்கிட்டு, நான் கொண்டு போன பட்டையை மடியில வச்சு மடிக்கிறா, பிரிக்கிறா.

"தூக்கிக் கொடுக்கணும்னுதான் நினைச்சேன் அண்ணி, சத்தியமா. கை கேக்கலை." அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பாத்தா. "பாத்தீங்கல்ல? எல்லாத்தையும் அடிச்சேன்."

அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாதாடி பாவின்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. எதையும் முழுங்கத் தெரியாதவ நான், அதை மட்டும் முழுங்கினேன். "பாத்தேன்டி, நல்லா அடிச்சே"ன்னு சொன்னேன். பஸ் வந்துச்சு, பையை நான் தூக்கிக்கிட்டேன்.